குன்னூரில் இறங்கிய கோடை

அன்புள்ள சேகருக்கு,

நேற்று தாத்தாவுக்குப் படையல் போட்டோம். இலை விரித்து, அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வடையும் வைத்து, உன் அம்மா கற்பூரம் ஏற்றிவிட்டு உன்னைக் கூப்பிட்டாள். நீ கிணற்றடியை விட்டு வரவில்லை. நான் வந்து கூப்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாய்: "நான் வந்து கும்புட்டா அவரு ஏத்துக்குவாராப்பா? என் புண்ணக் கழுவினதாலதானே அவரு செத்தாரு." உள்ளே போய்ப் படையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால் நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாய். அடுத்த வாரம் பம்பாய்க்கு வேலைக்குப் போகிறாய். இந்த எண்ணத்தையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு நீ போகக் கூடாது. நேரில் உட்கார வைத்துச் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படி.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கடிப்பதற்கு முந்தின நாள் காலையிலேயே அந்த நாய் உன் தாத்தாவைக் கடித்துவிட்டது. அவருக்கு விஷம் ஏறியது உன் காலிலிருந்து இல்லை. அவருடைய சொந்தக் கையிலேயே பல் பட்டிருந்தது. அப்போது இது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் சொன்னார். உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், நானும் ஒப்புக்கொண்டேன். பத்து வருஷமாக அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். உன் மனதில் இப்படி ஒன்று முளைத்து வளர்ந்துகொண்டிருக்கிறது என்று நேற்று வரை எனக்குத் தெரியாது. ஏன் சொல்லக் கூடாது என்றார் என்பது புரிய வேண்டுமானால் அந்தக் கோடையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்தது பாதிதான்.

நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வரப்போகிறது என்று டீக்கடையெல்லாம் பேச்சாக இருந்த நேரம். உனக்குப் பதின்மூன்று வயது. மெட்ராசில் பயிற்சி முடித்துவிட்டு உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த டிரில் மாஸ்டர், சாஃப்ட்பால் என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். ஊரில் யாரும் அந்தப் பேரைக்கூடக் கேட்டதில்லை. தறிச் சாமான் செய்கிற ஆசாரியைப் பிடித்து உருளையாக ஒரு மட்டை செதுக்கி வாங்கினார். கித்தான் துணியைத் தைத்து உள்ளே பட்டு நூல் கழிவை அடைத்துக் கையுறை ஆக்கினார். செவிலிமேட்டில் நம் வீட்டுக்குப் பின்னால், பாலாற்றை ஒட்டிய பொட்டலில், மணல் நிரப்பிய கோணிப்பைகளை மூலைக்கு ஒன்றாகப் போட்டு, பந்தை அடித்ததும் தொட்டுக்கொண்டே சுற்றி ஓட வேண்டிய பேஸ் அதுதான் என்றார். பள்ளி விடுமுறையிலும் சாயங்காலம் தவறாமல் விளையாடினீர்கள். பாதிப் பையன்கள் தறி வீட்டுப் பிள்ளைகள். பகலெல்லாம் அப்பாவுக்குப் பக்கத்தில் தறியில் உட்கார்ந்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் ஓடிவருவார்கள். உன் தாத்தா வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிராமத்திலிருந்து நம்மோடு வந்து சேர்ந்த மனுஷர். பொழுது போகாமல் வாடிக்கிடந்தவருக்கு உங்கள் ஆட்டம்தான் உயிர் கொடுத்தது. முதல் நாள் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "இன்னாடா இது, கட்டையால அடிச்சிட்டு ஒரு சுத்து ஓடி, திரும்ப அடிச்ச எடத்துக்கே வந்து நிக்கறானுங்க? அதுக்கு அங்கியே நின்னுக்கினு இருக்கலாமே!" ஒரு மாதத்தில் அவரே ஆட்டத்தின் சட்டம் பேச ஆரம்பித்துவிட்டார். நீ பந்தைப் பிடிக்காமல் விட்டால் சாப்பாட்டு நேரத்தில் உன்னோடு சண்டை போடுவார். "பேருதான் சாப்ட்டு. பட்டா மண்ட ஒடையுது" என்று பந்தைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்தப் பொட்டலில் ஒரு செவலை நாய் இருந்தது. நீங்கள் பன் வாங்கினால் அதற்கும் ஒரு துண்டு போடுவீர்கள். அந்தக் கோடையில் அதன் போக்கு மாறியது. பன்னை முகர்ந்து பார்க்காமல் போனது. வெயிலில் நின்றுகொண்டு வெறும் காற்றைக் கடித்தது. இவ்வளவும் நீ எனக்குப் பிறகு சொன்னது. உன் தாத்தா உங்களுக்கு முன்னாலேயே அதைக் கவனித்துவிட்டார். வெயிலில் நாக்கு வறண்டு கிடக்கிறது என்று நினைத்து, ஒரு நாள் காலையில் கொட்டாங்குச்சியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், முள்ளுப் புதரடியில் படுத்திருந்த அதன் முன்னால் வைத்தார். தண்ணீரை வைத்த கையை அது கவ்விவிட்டது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்கு வந்து சுண்ணாம்பைத் தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார். "கையில இன்னா நைனா?" என்று நான் கேட்டேன். "முள்ளு கிழிச்சிடுச்சிபா" என்றார். நானும் ரயில்வே பார்சல் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் யாரோ அடித்த பந்து அதே புதருக்குள் போனது. எடுக்க ஓடியவன் நீ. கெண்டைக்காலில் பிடித்தது. கூட இருந்த பையன்களிடம் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாய். ஏனென்று எனக்குத் தெரியும். அதற்கு மறுநாள்தான் நாம் ஊட்டிக்குக் கிளம்புவதாக இருந்தோம். பள்ளி திறந்ததும் ஜில்லாப் போட்டி வேறு இருந்தது. இரண்டில் ஒன்று போய்விடும் என்று பயந்தாய். பதின்மூன்று வயதில் அந்தப் பயம் நியாயமானதுதான்.

அந்தப் பயணத்துக்காக நாம் எல்லோரும் எவ்வளவு நாள் காத்திருந்தோம்! ரயில்வேக்காரனுக்குக் குடும்பத்தோடு போய்வர வருஷா வருஷம் பாஸ் உண்டு. ஊர் ஊராகப் பட்டுப் புடவைப் பார்சலை ஏற்றி அனுப்பிய நான், அந்தப் பாஸை வைத்து மெட்ராசைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஊட்டி என்று சொன்னதும் உன் தாத்தாவுக்குத்தான் ஆசை அதிகம். "மேகம் ரயிலுக்குள்ளயே வருமாமே? நெசமா?" என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டார். உன் அம்மா புளிச்சாதமும் முறுக்கும் கட்டினாள். உனக்கு முதன்முதலாக முழுக்கால் பேண்ட் தைத்திருந்தோம். அந்த வெயிலில் அரக்கோணம் போய்ச் சேர்ந்தும் அதைக் கழற்ற மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்தபோது, புதுத் துணி மோகம் என்று நினைத்துச் சிரித்தோம். அரக்கோணத்தில் மேட்டுப்பாளையம் வண்டி ஏறினோம். அந்த வண்டியில் நாம் நான்கு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உன் தாத்தா இடது கையால் முறுக்கை ஒடித்து உனக்குக் கொடுத்தார். வலது கையை மடியில் வைத்துத் துண்டால் மூடியிருந்தார். நீ காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்திருந்தாய். இரண்டு பேரும் ஒரே நாயின் கடியை மறைத்துக்கொண்டு, ஒருவர் மறைத்தது மற்றவருக்குத் தெரியாமல், சிரித்துப் பேசிக்கொண்டு வந்தீர்கள். கூட உட்கார்ந்திருந்த எனக்கும் உன் அம்மாவுக்கும் அதைவிடச் சந்தோஷமான பயணம் வாய்த்ததில்லை.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறினோம். பல் சக்கரம் கடகடவென்று கடிக்க வண்டி மேலே ஊர்ந்தது. நடுவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு சின்ன ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். எல்லோரும் குதித்து இறங்கினார்கள். நீ மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலாக இறங்கினாய். உன் அம்மா பார்த்துவிட்டாள். "ஏன்டா காலை இழுக்கற?" என்றாள். "மரத்துப் போச்சுமா" என்றாய். உன் தாத்தா உன்னைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார வைத்து, நீ திமிறத் திமிறப் பேண்டை மேலே சுருட்டினார். கெண்டைக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. நடுவில் இரண்டு ஓட்டை, அதைச் சுற்றிச் சீழ்.

"இன்னாடா இது?" என்றார்.

"முள்ளு தாத்தா."

உன் தாத்தாவின் முகம் இருண்டது. இப்போதும் என் கண்ணில் நிற்கிறது அந்த முகம். "எந்த முள்ளுக்குடா ரெண்டு பல்லு இருக்குது?" என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "செவலையா?" என்றார்.

நீ அழ ஆரம்பித்தாய். நாய் என்று நீ சொல்வதற்கு முன்னாலேயே எந்த நாய் என்று அவர் சொன்னார். பக்கத்திலேயே நின்றிருந்த எனக்கு அது உறைக்கவில்லை. உன் கால் ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மாவிடம் சோப்பை வாங்கி, குழாயடியில் உன் புண்ணை அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எஞ்சின் ஊதிய பிறகும் நிறுத்தவில்லை. நீ பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கும் கழுவல் அதுதான். அது உனக்கு நல்லதுதான் செய்தது என்று குன்னூர் டாக்டர் சொன்னார்.

நம் பெட்டியிலேயே தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் இருந்தார். புண்ணைப் பார்த்ததும், "நாய் உயிரோட இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். தெரியாது என்றோம். அது தண்ணீர் குடித்ததா, சாப்பிட்டதா என்று உன்னிடம் விசாரித்தார். நீ சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊட்டி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். குன்னூர்லயே எறங்கிடுங்க. நாய்க்கடி மருந்து செய்யற எடமே அங்கதான் இருக்கு. இன்னைக்கே ஊசி ஆரம்பிக்கணும்" என்றார். "ஆரம்பிக்கலன்னா?" என்று கேட்டேன். அவர் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வழியில் மேகம் வந்தது. ஜன்னல் வழியாகப் பெட்டிக்குள்ளேயே புகுந்து எதிர்ச் சீட்டில் இருந்தவர்களை மறைத்தது. மற்றப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அதைப் பார்ப்பதற்காகவே வந்த உன் தாத்தா தலையைத் தூக்கவில்லை. மடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனுஷர். உன்னைப் படுக்க வைத்துத் தொப்புளைச் சுற்றி முதல் ஊசி போட்டார். நீ கத்திய கத்தலில் உன் அம்மா வெளியே ஓடிவிட்டாள். தினமும் ஒன்றாகப் பதினாலு போட வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது என்றார். கால் மரத்தாலோ தலை வலித்தாலோ உடனே வரச் சொன்னார். சில பேருக்கு இந்த மருந்தே ஒத்துக்கொள்ளாதாம். நோய் வந்துவிட்டால் எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். கடிபட்ட இடத்தில் குறுகுறுப்பு வரும், தூக்கம் போகும், பிறகு தண்ணீரைப் பார்த்தால் தொண்டை இழுக்கும், காற்றுப் பட்டாலும் இழுக்கும், அதற்கு மேல் எங்கள் கையில் எதுவும் இல்லை என்றார். கடைசியாக, "அந்த நாய் வேற யாரையாவது கடிச்சுதா?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ இல்லை என்று தலையாட்டினாய். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பெஞ்சில் உன் தாத்தா உட்கார்ந்திருந்தார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். டிரில் மாஸ்டருக்குத் தந்தி கொடுத்து நாயைப் பற்றி விசாரித்தேன். நாய் செத்துவிட்டது, சாவதற்கு முன் ஒரு கன்றுக்குட்டியைக் கடித்தது, ஊசியை விடாமல் போடுங்கள் என்று பதில் வந்தது. அதை உன் அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் படித்துச் சொன்னேன். உன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உன் தாத்தா, "கன்னுக்குட்டியையுமா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் உன்னை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் நீ எழுந்ததும் கால் விரலை ஆட்டிக் காட்டச் சொல்வேன். உன் அம்மா டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொண்டுவந்து, தாகமில்லை என்றாலும் குடிக்க வைத்து, நீ விழுங்கும்வரை உன் தொண்டையையே பார்ப்பாள். நீ எரிச்சல்படுவாய். உன் தாத்தாதான் உன்னை வெளியே கூட்டிப்போவார். அறைக்குப் பின்னால் ஒரு பேரிக்காய் மரம். உதிர்ந்த பிஞ்சுகளைப் பொறுக்கி நீ வீச, ஒரு விறகுக் கட்டையை இடது கையால் பிடித்து அவர் அடிப்பார். பட்டுவிட்டால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடிவந்து, "ஓம் ரன்னு! ஓம் ரன்னு!" என்று ஹோம் ரன் அடித்த பையனைப் போல மூச்சு வாங்கக் கத்துவார். வயிறெல்லாம் ஊசி வீக்கத்தோடு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் ஜன்னலில் நின்று பார்த்து, இந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன். அந்த முற்றத்தில் சாவு யார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. கடைசி ஊசியும் போட்டு முடித்து, ஊட்டியைப் பார்க்காமலேயே ஊருக்குத் திரும்பினோம்.

பள்ளி திறந்தது. நீ மறுபடியும் பொட்டலுக்கு ஓடினாய். கண்டம் தப்பிவிட்டது என்று உன் அம்மா காமாட்சியம்மனுக்குப் புடவை சாத்தினாள். ஆடி பிறந்ததும் காற்று ஆரம்பித்தது. பாலாற்று மணலை வாரிக்கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டும் காற்று. உன் தாத்தா வலது கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். காயம் எப்போதோ ஆறிப்போயிருந்தது. "எறும்பு ஊர்றாப்பல இருக்குது" என்றார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றார். ஜுரம் அடித்தது. சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுந்தார். வேப்பமரத்தடிக்கும் போகவில்லை. ஒரு காலையில் உன் அம்மா அவருக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனவர் சட்டென்று தள்ளிவிட்டார். காப்பி தரையெல்லாம் கொட்டியது. "தொண்டையில இன்னாவோ அடைக்குதுமா" என்றார். அப்போது வாசல் கதவு காற்றில் படாரென்று திறந்துகொண்டது. அந்தக் காற்று முகத்தில் பட்டதும் அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, உடம்பு வில்லாக வளைந்தது. நான் சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். குன்னூர் டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் கேட்டது. நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். "தாத்தாவுக்கு இன்னாப்பா?" என்றாய். "ஜுரம்டா, நீ போ" என்று உன்னை வெளியே தள்ளாத குறையாக அனுப்பினேன்.

வாடகைக் காரில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஜன்னலெல்லாம் சாத்திய ஒரு தனி அறையில் போட்டார்கள். டாக்டர் அவர் கையைத் திருப்பிப் பார்த்துத் தழும்பைக் காட்டி, "இது பல் பட்ட எடம்" என்றார். பையன் புண்ணைக் கழுவியதால் வந்திருக்குமா என்று நான் கேட்டேன். "இல்ல. நாயே கடிச்சிருக்கு. உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்" என்றார். எனக்கும் உன் அம்மாவுக்கும் ஊசி போட்டார்கள். உன் தாத்தாவுக்கு நினைவு வந்து வந்து போனது. தெளிவாக இருந்த ஒரு நேரத்தில் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"செவலதான்பா" என்றார் அவராகவே. "பையனக் கடிச்சதுக்கு மொத நாளு. தண்ணி வெக்கப் போனேன்."

"குன்னூர்ல டாக்டரு கேட்டாரே நைனா. வெளியதானே உக்காந்துக்கினு இருந்த. காதுல வியல?"

"விய்ந்துச்சி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சின்ன வயசுல ரெண்டு வாட்டி நாய் கடிச்சிருக்குது. பச்சிலை அரச்சிக் குடுத்தாங்க. ஒண்ணும் ஆவல. இதுவும் அப்டித்தான்னு இருந்துட்டேன். அப்பறம் பையன் கால்ல அதப் பாத்தேன் பாரு..." அவர் கண்ணில் நீர் வழிந்தது. "நான் சொல்லியிருந்தா நீ இன்னா கேப்ப? முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேப்ப. சொல்லியிருந்தா அவன அந்தப் பக்கம் வுட்டிருப்பமான்னு கேப்ப. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லபா. அதுக்குப் பயந்துக்கினு வாயத் தொறக்கல. புள்ளய நானே நாய்க்குக் குடுத்துட்டேன்."

நான் அப்படியெல்லாம் இல்லை நைனா என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. "அவங்கிட்ட சொல்லாத. தாத்தா தெரிஞ்சே வுட்டுட்டாருன்னு நெனப்பான். அவன் நெனப்புல நான் நல்லபடியா இருந்துட்டுப் போறேன்" என்றார். சரி என்றேன். பிறகு இழுப்பு வந்தது. அது அடங்கியதும், குரலே வராமல், "பையன் தண்ணி குடிக்கிறானா?" என்று கேட்டார். குடிக்கிறான் என்றேன். "எதிர்ல நின்னு பாத்தியா?" என்றார். பார்த்தேன் நைனா, நன்றாகக் குடிக்கிறான் என்றேன். சொட்டுத் தண்ணீர் இறங்காத அந்தத் தொண்டையால் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். மறுநாள் போய்விட்டார்.

பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து அழுதபோது உன் அத்தை, "புள்ள புண்ணக் கழுவின கையாச்சே, அதுலதான் ஒட்டிக்கிச்சி" என்று யாரிடமோ சொன்னாள். என் காதிலும் விழுந்தது. துக்க வீட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டேன். தூணுக்குப் பின்னால் நின்றிருந்த நீயும் அதைக் கேட்டுவிட்டாய் என்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு நீ பந்தைத் தொடவில்லை. டிரில் மாஸ்டர் வீட்டுக்கு வந்து கெஞ்சியும் போகவில்லை. தாத்தா இல்லாத இடத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். எங்களுக்கோ வேறு பயம். விஷம் வருஷக் கணக்கில் உறங்கிக் கிடக்கும், பிறகும் எழும்பும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உனக்கு ஜுரம் வந்த ஒவ்வொரு தடவையும் உன் அம்மா தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பது அதனால்தான். நேற்றுகூட நீ சைக்கிளில் போனபோது, "தண்ணி குடிச்சிட்டுப் போனானா?" என்றுதான் என்னைக் கேட்டாள். பம்பாயில் உனக்கு ஜுரம் வந்தால் எங்களுக்கு எழுது. மறைக்காதே. நாங்கள் பயப்படுவோம் என்று பார்த்து மறைத்துவிடாதே. பயப்படுவது எங்களுக்குப் பழகிவிட்டது.

நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அது ஒரு நாள் நொண்டிக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்கும். முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடாதே. வந்து சொன்னதே போதும் என்று இருந்துவிடு. அந்தக் கேள்வியை உன் தாத்தாவிடம் நான் கேட்கவே இல்லை. கேட்பேன் என்ற பயத்திலேயே அவர் உயிரை விட்டார்.

அவர் உன்னை வேண்டுமென்று விடவில்லை, சேகர். நீயும் அவரைக் கொல்லவில்லை. தாகத்தில் தவிக்கிறதே என்று ஒரு கிழவர் ஒரு நாய்க்குத் தண்ணீர் வைத்தார். ஒரு பையன் பந்தை எடுக்க ஓடினான். இதற்கு மேல் அதில் யாருடைய குற்றமும் இல்லை. இதை உனக்குச் சொன்னதால் அவருக்குக் கொடுத்த வார்த்தையை மீறிவிட்டேன். நான் போய் அவரைப் பார்க்கும்போது அதற்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன். அது அவருக்கும் எனக்கும் உள்ள விஷயம். நீ உன் பாரத்தை இங்கேயே இறக்கி வைத்துவிட்டு ரயில் ஏறு.

உன் அப்பா